அரை ஹெர்ட்ஸ்

அலுவலகத்தில் 'சார்', வீட்டில் 'அத்தான்'. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்காவின் புருஷன் போட்ட சட்டம் இது. ஆறு வருடம் அவள் அதை மீறியதில்லை. ஏழாவது வருடம் இரண்டையும் நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். அவர் அதன் பின்பக்கம் சிவப்பு மையில் பதில் எழுதி அனுப்புவார்.

டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அவர் நடத்திய நிறுவனத்தில் பன்னிரண்டு பேர். இதயத் துடிப்பை அலைக்கோடாகத் திரையில் காட்டும் கருவி செய்தார்கள். நெஞ்சில் ஒட்டும் கம்பி வழியே வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதோடு மின்சார லைனின் இரைச்சல், தசையின் நடுக்கம், மூச்சின் ஏற்ற இறக்கம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் குப்பையைத் தள்ளிவிட்டு இதயத்தின் அலையை மட்டும் விடுகிற ஃபில்டரை வடிவமைத்தவள் அவள்தான். உள்ளே சில எண்களை மாற்றி எழுதினால் போதும், அதே சிப் வேறொரு ஃபில்டராகிவிடும். போர்டில் ஒரு ரெசிஸ்டரைக்கூடத் தொட வேண்டாம். அதில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம்.

சண்டை வந்ததே அந்த எண்களில் ஒன்றால்தான். மிக மெதுவாக அசையும் அலைகளை எந்த இடத்தில் வெட்டுவது என்று சொல்லும் எண் அது. அவள் வைத்திருந்தது 0.05 ஹெர்ட்ஸ், அதாவது இருபது விநாடிக்கு ஒரு அலை. அப்படி வைத்தால் நோயாளி மூச்சு விடும்போதெல்லாம் கோடு கொஞ்சம் ஏறி இறங்கும். போட்டிக் கம்பெனியின் திரையிலோ கோடு ஆணி அடித்தாற்போல் நின்றது. அத்தான் அதை அரை ஹெர்ட்ஸாக, இரண்டு விநாடிக்கு ஒரு அலையாக மாற்றச் சொன்னார்.

மாற்றினால் என்ன ஆகும் என்று அவள் வரைந்தே காட்டினாள். உயரமான கூர்முனைக்கு அடுத்து ஒரு சமதளம் வரும். அது தாழ்ந்திருக்கிறதா, உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் மாரடைப்பைச் சந்தேகிப்பார். அரை ஹெர்ட்ஸில் வெட்டினால் நல்ல இதயத்துக்கும் அங்கே பள்ளம் தெரியும். நிஜமாகவே உயர்ந்திருந்தால் அது மறைந்தாலும் மறையும். கண்காணிக்க மட்டும் அரை, நோய் கண்டறிய 0.05 என்று இரண்டு நிலை வைத்து, எது ஓடுகிறது என்பதைத் திரையிலேயே எழுதிவிடலாம் என்றாள்.

"'நோய் கண்டறிய அல்ல'ன்னு நாமளே எழுதி வச்சா எவன் வாங்குவான்?" என்றார் அத்தான். "கோடு நேரா நிக்கணும். உன் பாடத்தை இங்க யாரும் கேக்கல."

"நேராத்தான் நிக்கும். ஆனா பொய் சொல்லும்."

"அதை நீ வெளியில சொல்லாம இருந்தா போதும்."

அன்றிலிருந்துதான் துண்டுச் சீட்டு.

மூன்று மாதம் கழித்து, மருத்துவமனைக் குழு பார்வையிட வரும் நாள் காலையில் அவள் சிப்பில் இருந்த எண்களைக் கணினியில் திறந்து சரிபார்த்தாள். அரை ஹெர்ட்ஸ். மாற்றியது யார் என்ற பதிவில் அவளுடைய பெயரே இருந்தது. மேஜைமேல் அச்சடித்து வைத்திருந்த சோதனை அறிக்கையில் 'நோய் கண்டறிய ஏற்றது' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து. பழைய காகிதம் எதிலிருந்தோ வெட்டி ஒட்டியது. எண்களைச் சிப்பில் ஏற்றும் ப்ரோக்ராமரிடம் போய்க் கேட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவளிடம் சொல்லியாகிவிட்டது என்று சார் சொன்னதாக முணுமுணுத்தார்.

அந்த எண்ணைத் திரும்ப மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் நாளைக்கே அவர் மறுபடியும் மாற்றிவிடுவார். அவள் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

கூட்ட அறையில் அத்தான் கோட்டின் நேர்த்தியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அவள் கதவைத் தட்டாமல் உள்ளே போய், கருவியின் கம்பிகளைப் பெட்டியில் செருகினாள்.

"நல்ல இதயத்தோட அலையைக் கொடுக்கற பெட்டி இது," என்றாள். "கூர்முனைக்கு அப்புறம் தளம் சமமா வரணும். நீங்களே பாருங்க."

தளம் சரிந்து பள்ளமாக இருந்தது. குழுவில் இருந்த இதய மருத்துவர், நரைத்த குட்டை முடிக்காரம்மா, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இந்தப் பெட்டியை உடனே ஐசியூவில சேக்கணும் போலிருக்கே," என்றார். அவர் அறிக்கையைப் புரட்டினார். "கையெழுத்து உங்களுதா?"

"என்னோடதுதான். போட்டது நான் இல்ல."

வைத்த டீயைத் தொடாமல் குழுவினர் எழுந்து போனார்கள்.

அத்தான் கத்தவில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, பன்னிரண்டு வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டாய், உன் அக்கா வீட்டு அடுப்பையும் சேர்த்து, என்றார்.

"அத்தான்," என்றாள் அவள். "இந்த மிஷினை நம்பி ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பி, அவர் செத்துப்போனா, கோர்ட்டுல நிக்கப்போறது நீங்க இல்ல. நான்."

"உன் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

வாசலில் அவரே அவள் பையைச் சோதித்தார். சால்டரிங் அயர்னை வெளியே எடுத்து, இதற்கு பில் இருக்கிறதா என்று கேட்டார். அவள் சொந்தமாக வாங்கியது அது. அவர் கையிலேயே விட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். இவள் காலையில் ஃபோனில் எடுத்து வைத்திருந்த அறிக்கையின் படத்தை நீட்டினாள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கையெழுத்தை அக்கா விரலால் பெரிதாக்கி, அதைச் சுற்றி வெட்டி ஒட்டிய ஓரத்தைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன்," என்றாள். "நாலு பேர் முன்னால அவமானப்படுத்திட்ட. அதை நான் மன்னிக்க மாட்டேன்."

இவளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டு நிலை வைத்து, திரையில் தெளிவாக எழுதிக்கொண்டு மறுபடி வரச்சொல்லி அந்த மருத்துவர் அத்தானுக்குக் கடிதம் போட்டார். ஐந்து மாதத்தில் அத்தான் அதைச் செய்தே கொண்டுபோனார், ஆர்டரும் கிடைத்தது. நடுவில் எண்கள் பிடிபடாமல் ப்ரோக்ராமர் அவருக்குத் தெரியாமல் நான்கு முறை இவளுக்கு ஃபோன் செய்தார். இவள் திட்டிக்கொண்டேதான் சொல்லிக்கொடுத்தாள். கருவியின் காகிதங்கள் எதிலும் இவள் பெயர் இல்லை. இப்போது, ஆலை இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் கம்பெனியில் ஃபில்டர் வடிவமைக்கிறாள். அங்கே இவளுக்கு உறவுக்காரர் ஒருவரும் இல்லை.

அம்மா இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துச் சலித்து, மகள்கள் தன் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளைப் பங்கு பிரித்துவிட்டாள். முதலும் மூன்றாவதும் பெரியவளுக்கு, இரண்டாவதும் நான்காவதும் சின்னவளுக்கு. மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விடுகிறாள்.