விழமாட்டாள் என்று எத்தனை வீதம்?

பாரிசவாதம் வந்து மூன்று வருடமாகியும் தன் மனைவி குணலட்சுமி ஒரு தரம்கூட விழவில்லை என்பதில் நடராசாவுக்குப் பெரிய பெருமை. கோப்பாயில் அவரிடம் சுகம் விசாரித்த எவரும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை. வீட்டில் கால் தடுக்கக்கூடிய சாமான் எல்லாவற்றையும் அகற்றி, சுவரோடு கைபிடி பூட்டி வைத்திருந்தார். காலையில் வாசல் கேற்றையும் பூட்டிவிட்டுத்தான் வெங்காயத் தோட்டத்துக்குப் போவார். நல்லூர்த் தேர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் குணலட்சுமி கெஞ்சாத வருடமில்லை. அந்தச் சனத்துக்குள்ளா? அந்தக் கதையையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இந்த வருடமும் தேர் கிட்டி வந்தபோது நடைப் பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவர் வித்தியா வீடு தேடி வந்தாள். இன்னின்ன வேலையை விழாமல் செய்வேன் என்று அம்மாவுக்கு நூற்றுக்கு எத்தனை வீதம் நம்பிக்கை இருக்கிறது என்று கேட்க வேண்டுமாம்.

“வீட்டுக்குள்ளை நடக்க எத்தனை வீதம் அம்மா?”

“நூறு போடுங்கோ பிள்ளை,” என்றார் நடராசா.

“ஐயா, கேள்வி அம்மாவுக்கு.”

“பத்து,” என்றாள் குணலட்சுமி.

நடராசாவுக்குச் சுருக்கென்றது. எவ்வளவு பாடுபட்டுத் திருத்திய வீடு!

“சனம் இடிபடுகிற இடத்திலை?”

“தொண்ணூறு.”

“அம்மா, மாறிச் சொல்லுறியளோ?”

“இல்லைப் பிள்ளை. தேரிலை விழுகிறதுக்கு எங்கை இடம்? சாய்ஞ்சால் நாலு பேர் பிடிப்பினம். இஞ்சை விழுந்தால் இவர் மத்தியானம் வந்துதான் காணவேணும்.”

“ஒருநாளும் விழேல்லைத்தானே!” நடராசா சீறினார்.

“நடந்தால்தானே விழ? நீங்கள் கேற்றைப் பூட்டினால் நான் கட்டிலை விட்டு இறங்கிறேல்லை. நீங்கள் வாற சத்தம் கேட்டாப்பிறகுதான் எழும்பி நிப்பன்.”

ஊரெல்லாம் பீற்றித் திரிந்த பெருமை இதுதானா! காவல் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பாவி மனுசன், அவளைச் சிறை வைத்திருந்திருக்கிறார். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“பக்கத்திலை ஓராள் நிண்டால் அம்மா எங்கையும் போகலாம், ஐயா. நடக்காமல் விட்டால்தான் கால் இன்னும் மோசமாகும்,” என்ற வித்தியா, அவரிடமே கேட்டாள். “அம்மா விழமாட்டா எண்டு உங்களுக்கு எத்தனை வீதம்?”

நடராசா சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

“சைபர், பிள்ளை. வாதம் வந்த அண்டைக்குக் கிணத்தடியிலை இவ கிடந்த கிடையைக் கண்டவன் நான். இன்னொருக்கால் அப்பிடிக் காண எனக்கு ஏலாது.”

குணலட்சுமி அவரையே பார்த்தாள். அவளுடைய கோபமெல்லாம் எங்கே போனதோ! கட்டில் விளிம்பைப் பிடித்து மெல்ல எழுந்து, தன் நல்ல கையை அவரிடம் நீட்டினாள்.

“எழும்புங்கோ. தேருக்கு முதல் தோட்டம் வரைக்கும் நடந்து பழகுவம்.”

“அவசரமில்லை. நீர் ஆறுதலாய்ப் பழகலாம்.”

“நானோ?” என்றாள் அவள். “பழக வேண்டியது நீங்களப்பா.”