இரண்டாவது டிஸ்குக்குத் தெரியாத பன்னிரண்டு நாள்

கண்ணாடி ஃபேக்டரி வாசலில் வியாழக்கிழமை மூன்று மணிக்கு அடித்தும் குத்தியும் கொல்லப்பட்ட முப்பத்தோரு பேரும் அன்று சாயந்தரம் ஆறரைக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிணவறைக்காரர் தடுக்கப் பார்த்தார். "பசிக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டு, கால் கட்டைவிரலில் கட்டியிருந்த சீட்டைக்கூட அவிழ்க்காமல் வரிசையாக வெளியேறினார்கள். சண்டைக்குக் காரணம் ஒரு ஃபேன். உலைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த ஆளுயர ஃபேனைக் காலை ஷிப்டுக்காரர்கள் ஒரு பக்கம் திருப்பி வைப்பார்கள், மதிய ஷிப்டுக்காரர்கள் வந்து இன்னொரு பக்கம் திருப்புவார்கள். ஆறு வருஷம் வாயால் திட்டிக்கொண்டார்கள், ஏழாவது வருஷம் கண்ணாடி ஊதுகிற இரும்புக் குழாயைக் கையில் எடுத்தார்கள். இதற்கா இத்தனை ரத்தம் என்று கேட்பவர்கள் அந்த உலைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

செத்தவர்கள் திரும்பியதற்குக் காரணம் ஆஸ்பத்திரி மெஷின். பிறப்பும் இறப்பும் அந்த மெஷினில் பதிந்தால்தான் ஊரில் செல்லும். அதில் இரண்டு டிஸ்க், ஜோடி. ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே நொடியில் மற்றதிலும் விழும், ஒன்று படுத்துவிட்டாலும் இன்னொன்று காப்பாற்றட்டும் என்று. அந்த வாரம் திங்கட்கிழமை காலை, தரை துடைக்கிற குச்சி பட்டு கேபிள் நெகிழ்ந்து, இரண்டாவது டிஸ்க் ஜோடியை விட்டு விலகிவிட்டது. மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு, ஊரே கம்ப்யூட்டரம்மா என்று கூப்பிடுகிறவளுக்கு, ஒன்பது பத்துக்கு மெயில் வந்தது. படித்தாள். இன்னொன்றுதான் ஓடுகிறதே, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விட்டாள். அந்த நாளைக்கு வந்தபாடில்லை. ஆகவே வியாழக்கிழமைச் சாவுகள் ஒரு டிஸ்கில் மட்டும் ஏறின. அதில் அவர்கள் பிணம். திங்கட்கிழமையோடு நின்றுபோன மற்றதில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள். ஆக, ஒவ்வொருவரும் பாதிதான் செத்திருந்தார்கள்.

முப்பத்தோரு பேரில் ஒருவன் கம்ப்யூட்டரம்மாவின் அண்ணன். பாவம், சும்மா போய் மாட்டிக்கொண்டான் என்று சொன்னால் வாய் கூசும். இரண்டு பேர் மண்டையைப் பிளந்துவிட்டுத்தான் விழுந்தான். மெருகு போடுகிற ஒருத்தன் உடைந்த கண்ணாடியால் அவன் கழுத்தில் இழுத்துவிட்டான். உலையை அணைக்க முடியாது என்பதால் மறுநாளும் ஷிப்ட் நிற்கவில்லை. செத்தவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். கொன்றவர்கள் வாசலில் அவர்களைப் பார்த்து ஆடிப்போய், அப்புறம் ஆத்திரம் தலைக்கேறி, "நேத்துதானடா உன்ன முடிச்சேன்" என்று திரும்பவும் அடித்தார்கள். வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவர்கள். சனி, ஞாயிறு, திங்கள், தினமும் மூன்று மணிக்கு அதே வாசலில் அதே முப்பத்தோரு கொலை. போலீஸ் வந்தது, கொலையுண்டவனே எதிரே வந்து வணக்கம் வைத்தால் யார்மேல் கேஸ் போடுவது என்று திரும்பிப் போய்விட்டது. அதே பெயர்களைத் தினம் பதிய வைத்துச் சலித்துப்போன பெரிய டாக்டர், "ஏன்யா இப்படி உயிர வாங்குறீங்க" என்று பிணங்களைத் திட்டினார். செத்துப் பிழைக்கிறேன் என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்லுவோம், அங்கே அது ஷிப்ட் நேரம் மாதிரி ஆகிவிட்டது. காயம் மட்டும் ஆறவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. ஐந்தாம் நாள் அண்ணன் குடித்த தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டையில் வழிந்தது. தங்கச்சி டவலைச் சுற்றிக் கட்டினாள். "இறுக்காதடி, மூச்சு முட்டிச் செத்துடப் போறேன்" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குக் காரணம் முதல் சனிக்கிழமையே புரிந்துவிட்டது. கேபிளை அழுத்திச் செருகியதும் டிஸ்கில் பச்சை விளக்கு எரிந்தது. இனி ஒரு வரி கமாண்ட் போதும். அது விலகியிருந்த நாட்களில் எங்கெங்கே என்னென்ன மாறியது என்று மெஷின் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்த இடங்களை மட்டும் மேலிருந்து கீழாக எழுதி ஜோடியைச் சேர்த்துவிடும், நாற்பது நிமிஷ வேலை. சேர்ந்துவிட்டால் சாவு இரண்டிலும் விழும், அண்ணன் முழுசாகப் போய்விடுவான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அரை அண்ணனாவது இருக்கட்டும். மூன்று மணிக்கு அவன் அலறுவது ஆஸ்பத்திரி ஜன்னல்வரை கேட்கும். காதைப் பொத்திக்கொண்டு ஆறரைக்காகக் காத்திருப்பாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணிக்கு அதே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பும் ஒரு டிஸ்கில்தான் ஏறியது. கட்டிலுக்கு வலது பக்கம் நின்று பார்த்தால் மூக்கும் முழியுமாகக் குழந்தை. இடது பக்கம் வந்தால் வெறும் துணிச் சுருள். வாயைத் திறந்து அழுதது, சத்தம் வெளியே வரவில்லை. குடித்த பால் நேராகப் படுக்கையில் இறங்கியது. தராசில் போட்டால் முள் அசையவில்லை. "மடியிலதான் வச்சிருக்கேன், வச்சிருக்கிறதே தெரியலயே" என்று அண்ணி மார்பில் அடித்துக்கொண்டாள். அந்த நாட்களில் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளுக்கும் இதே கதிதான், அவற்றில் இரண்டு வெள்ளிக்கிழமைக்குள் வலது பக்கத்திலிருந்தும் தெரியாமல் போய்விட்டன. "உங்க மெஷின்ல ஏதாச்சும் கோளாறா?" என்று மாடி நர்ஸ் கேட்டாள். இல்லையே என்றாள் கம்ப்யூட்டரம்மா.

ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு படுத்து ஒரு முடிவுக்கு வந்தாள். தலைகீழாகச் செய்துவிடுவது. புதுசைப் பழசின்மேல் எழுதுவதற்குப் பதில், பழைய டிஸ்கை மட்டும் வைத்து மெஷினைக் கிளப்பி, அதைப் புதுசின்மேல் எழுதவிடுவது. மெஷின் தானாக இதைச் செய்யாது, அதற்கு எது புதுசு எது பழசு என்று தெரியும். ஆள் உட்கார்ந்து வேண்டுமென்றே ஏமாற்ற வேண்டும். ஏமாற்றினால் வியாழக்கிழமை அழியும், முப்பத்தோரு பேரும் எழுந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமையும் அழியும்; அந்தப் பழைய டிஸ்குக்கு அப்படி ஒரு குழந்தையே தெரியாது.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு மெஷினை நிறுத்தினாள். டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த நம்பரை இரண்டு தடவை சரிபார்த்து, கமாண்டை அடித்து, கடைசிப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனபோது அண்ணன் உள்ளே வந்தான். பிள்ளையைப் பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போகிற வழி.

"எது எதுமேல எழுதப்போவுது?" என்றான். கண்ணாடி வேலைக்காரன், அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தங்கச்சி முகம் தெரியும்.

"உன்ன முழுசா மீட்கப்போறேன்ணே. இனிமே உன்ன எவனும் கொல்ல வேணாம்."

"எம்புள்ள?"

அவள் திரையையே பார்த்தாள். "புள்ள இன்னொன்னு பெத்துக்கலாம்ணே."

அவன் அவள் வலது கையைப் பிடித்து, நீட்டியிருந்த விரலையும் பக்கத்து விரலையும் சேர்த்துப் பின்னால் மடக்கினான். இரண்டும் முறிந்த சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டது. அவள் போட்ட கூச்சலில் அவனே அழுதுவிட்டான், ஆனால் கையை விடவில்லை. "ஒம்போது தடவ செத்தாச்சு. உனக்குக் கொஞ்சம்கூட ஈவு இரக்கம் இல்லையாடி? இடது கை இருக்கில்ல, சரியா எழுது" என்றான்.

இடது கையால் தட்டுத் தடுமாறிச் சரியான வரியை அடித்தாள். மெஷின் டிஸ்கைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு இருபதுக்கு எண் ஓட ஆரம்பித்தது.

"மொதல்ல யாரு? நானா, அவளா?"

மேலிருந்து கீழாக எழுதுகிற மெஷின். வியாழக்கிழமை மேலே இருந்தது, செவ்வாய்க்கிழமை கீழே. "அவதாண்ணே" என்றாள்.

அந்த அறைக்கு நேர் மேலேதான் பிரசவ வார்டு. அவன் கழுத்து டவலைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்து நின்றான். இருபது சதவீதத்தில் வெளியே தெருவில் ஒருத்தன் சைக்கிளோடு விழுந்தான். இருபத்தைந்தில் பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர். வீடுகளில் வாயில் வைத்த கவளத்தோடு சாய்ந்தார்கள். மண்டைகள் தாமாகப் பிளந்தன, பக்கத்தில் கை ஓங்க ஒருத்தரும் இல்லை. முப்பத்தைந்து ஆனபோது அண்ணனின் டவல் சிவந்து சொட்டத் தொடங்கியது. முப்பத்தெட்டில் அவன் முகம் மலர்ந்தது. "கேக்குதுடி. யப்பா, என்னா கத்து கத்துறா" என்றான். ஒன்பது நாள் அடியும் ஒரே சமயத்தில் இறங்க, மெஷின் மேலேயே சரிந்தான். ரத்தம் திரையில் தெறித்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு எண்ணைப் பார்த்தாள். மாடியில் ஒரு சத்தமும் இல்லை. குழந்தை பதின்மூன்று நிமிஷம் கழித்து, எழுபத்தோராவது சதவீதத்தில் அழுதது. இருந்த பத்துக் குழந்தைகளும் அடுத்தடுத்து வீறிட்டன, காணாமல் போன இரண்டும் அதனதன் தொட்டிலிலிருந்தே அழுதன. மூன்று மணிக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. ஃபேக்டரி வாசலில் கொலைகாரர்கள் குழாயோடு பத்து நிமிஷம் நின்றார்கள், யாரும் வரவில்லை என்றதும் உள்ளே போய் வேலையைப் பார்த்தார்கள்.

முறிந்த விரல்களோடு அவள் மாடி ஏறினாள். அண்ணியிடம் எதையும் மறைக்கவில்லை. மெயிலையும் சொன்னாள், பொத்தானையும் சொன்னாள், பொய்யையும் சொன்னாள்.

"ஏழு நாளாத் தெரியுமாடி உனக்கு?" என்று அண்ணி பளார் பளாரென்று அறைந்தாள், நர்ஸ் ஓடிவந்து பிடிக்கும்வரை அறைந்தாள். அவள் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள், கத்திக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி அவளிடம் நீட்டினாள்.

"நான் கீழ போயி அவர பாத்துட்டு வரேன், புடி" என்றாள். "பாத்துப் புடி. கனக்குது."