பிறந்த வீட்டுக் கோடி

"அவுர் கித்னா டைம், மேடம்?" என்று வண்டி டிரைவர் கீழேயிருந்து மறுபடியும் குரல் கொடுத்தான். வைஜயந்தி பால்கனியில் நின்றபடி, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினாள்.

உள்ளே, இறந்துபோன அம்மா சரசாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, ஹாலில் கிடத்தியாகிவிட்டது. பூனா ஆகுர்டி தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் தூக்குவதற்குத் தயாராக நின்றார்கள். அப்பா ஜம்பு மட்டும் மனைவியின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அசைய மறுத்தார்.

"பொறந்த வீட்டுக் கோடி வராம எடுக்கப்படாது."

"யாருப்பா கொண்டு வருவா? இருந்தது ஒரே மாமா. அவரும் கல்யாணங்காட்சி இல்லாமலே போய்ச் சேந்துட்டாரு. நானே ஒரு சேலை எடுத்துட்டு வந்துருதேன், அவ்வளவுதான."

"நீ எடுத்தா அது நம்ம வீட்டுச் சேலைட்டி."

பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுச்சேலையைப் போர்த்தித்தான் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். நோயில் விழுந்ததிலிருந்து சரசாவுக்கு நோயைவிட இதுதான் பெரிய கவலையாக இருந்தது. "நாதியத்தவ மாதிரிப் போகப்போறேன்" என்று மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் சொல்வாள்; கொஞ்ச நாளாகத்தான் அந்தப் பேச்சு இல்லை. ஜம்பு கேட்டும் கேளாதவர் போல டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் மனுஷன்.

படிக்கட்டில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்ற ஆளைப் பார்த்து வைஜயந்தி திகைத்தாள். சவரிமுத்து. அக்குளில் ஒரு துணிப்பை.

அவரை அவளுக்கு மூன்று மாதப் பழக்கம். வெல்டிங் பற்றி ஒரு மாநாடு என்று கம்பெனியில் அவளை அனுப்பியிருந்தார்கள். மாநாடு என்று பேர்தானே தவிர, விசிட்டிங் கார்டை மாற்றிக்கொள்ளும் சந்தை அது. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இவரும் அவளும் கால் மணி நேரம் இங்கிலீஷில் ரோபோக்களைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்கள். அப்போது அவருக்குப் போன் வந்தது. "சாப்பிட்டேம்ளா, சாயங்காலம் வாரேன்" என்று அவர் சொன்னதுதான் தாமதம், வைஜயந்தி கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்கு வெளியே பூனாவில் அந்தப் பேச்சைக் கேட்டதே இல்லை.

"சார், நீங்க எந்த ஊரு?"

"தென்காசிப் பக்கம். சுரண்டை."

அம்மா பிறந்த ஊர். உடனே வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஞானப்பிரகாசம் வாத்தியார் மகன் என்று தெரிந்ததும் சரசா குரல் எட்டூருக்குக் கேட்டது. "உன்னத் தொட்டில்ல ஒரு கையால ஆட்டிக்கிட்டே ஒரு கையால டைப் அடிச்சவடே நான்." சிரித்துக்கொண்டே வைஜயந்தி ஐஸ்கிரீம் வரிசைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோதும் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அதன் பிறகு பண்டிகைக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான் பழக்கம்.

"காலையில உங்க ஸ்டேட்டஸ் பாத்தேம்மா," என்றார் சவரிமுத்து. "கடை ஒண்ணும் திறக்கல. என் வீட்டுக்காரி கிறிஸ்மஸுக்கு எடுத்த சேலை, இன்னும் மடிப்புக் கலைக்கல. அதையே குடுத்துவிட்டா." பையிலிருந்து பச்சைச் சேலையை எடுத்தார். "அன்னைக்குப் போன்ல அக்கா கேட்டாவ, எனக்குக் கோடி போடுவியாடேன்னு. நான் வேதக்காரனாச்சே அக்கான்னேன். அதனால என்ன, நீ நம்ம ஊருல்லான்னாவ. சரின்னு சொல்லிட்டேன்."

வைஜயந்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ? ஜம்பு அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளே கேட்டாளா?"

"அவியளேதான் கேட்டாவ."

ஜம்பு எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டார். "தலைமாட்டுக்கு வாங்க, மச்சான்" என்றார்.

அம்மா போன துக்கம் அப்படியே இருக்க, அதன் நடுவே இப்படி ஒரு நிம்மதி வருவது தப்பா சரியா என்று வைஜயந்திக்குத் தெரியவில்லை. வந்துவிட்டது. கெட்டிக்காரி, தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள்.

சவரிமுத்து சேலையைப் பிரித்துக் கழுத்துவரை போர்த்தி, கால்மாட்டில் சுருக்கம் நீவிவிட்டார். அவர் உதடு மட்டும் ஏதோ ஜெபத்தை முணுமுணுத்தது.

"ஹே கோண்?" என்று யார் இவர் என விசாரித்தாள் பக்கத்து ஃபிளாட் மராத்திக்காரி சாவித்ரி காக்கு.

அதுவரை சார் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த வைஜயந்தி, "மாமா. ஆயீச்சா பாவு" என்றாள்.

அம்மாவுடன் பிறந்தவர் என்றதும் சாவித்ரி காக்கு தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் தோள் கொடுக்க வழி விட்டு ஒதுங்கினாள்.

தூக்கினார்கள். முன்பக்கம் வலதுபுறம் சவரிமுத்து. படிக்கட்டு குறுகல். முதல் திருப்பத்தில் அவர் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்று, மற்றவர்களிடம் "தீரே, தீரே" என்றார். பிறகு தமிழில், "பைய. அக்கா தல இடிச்சிரும்."

எல்லோரும் ஒரு கணம் நின்று, பாடையை லேசாகச் சாய்த்துத் திருப்பினார்கள்.