மேனேஜருக்கு லீவு இல்லை

தம்பியின் தலைக்குள் கேட்கும் குரலுக்கு அக்கா வைத்த பெயர் மேனேஜர். சதா அதட்டிக்கொண்டே இருப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? மனச்சிதைவு என்று டாக்டர் சொன்ன அன்று அழுது தீர்த்தவள், பிற்பாடு அதையும் கேலியாக்கிப் பழகிவிட்டாள். "இன்னைக்கு மேனேஜர் லீவா?" என்பாள் காலையில். அவனும் சிரிப்பான். பிழைப்பு ஓடியது.

அக்காவுக்குத் தையல் கடை. பட்டன் தைப்பதும் இஸ்திரி போடுவதும் தம்பி வேலை. கொஞ்ச நாளாக மூலையில் சுருண்டு கிடந்தவன், அன்று குளித்துத் தலைவாரி, தானே கடைக்கு வந்து உட்கார்ந்தான். இருந்த சட்டைக்கெல்லாம் பட்டன் தைத்தான். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மத்தியானம் எதிர்க்கடை சாவிக்காரர் வந்தார். கையில் தம்பியின் ரேடியோ.

"உன் தம்பி குடுத்தாம்மா. வெச்சுக்கங்க, இனிமே எனக்கு எதுக்குங்கிறான். நல்ல மனசு."

அந்த ரேடியோவை அவன் யாரையும் தொடவிட மாட்டான். மேனேஜரின் சத்தத்தை அமுக்க அதைத்தான் காதோரம் வைத்துக்கொள்வான். அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, மேனேஜர் லீவா?"

"லீவெல்லாம் இல்லக்கா. அவனோட இனி சண்டை கிடையாது. ஒத்துக்கிட்டேன்."

"எதுக்குடா?"

அவன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான்.

அமைதியாம் அமைதி! காலையிலிருந்து இதைப் பார்த்தா பூரித்துப்போனோம் என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வாய்விட்டுக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடாதா? அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷமும் அந்த வார்த்தையை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. "நேராக் கேளுங்க, கேட்கறதால கெடுதல் வராது" என்று ஆஸ்பத்திரி நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நர்ஸ் சுலபமாகச் சொல்லிவிடலாம். கேட்பவளுக்கல்லவா நாக்கு ஒட்டிக்கொள்கிறது?

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செத்துப்போகணும்னு நினைக்கிறியாடா?"

ஊசி நின்றது.

"இன்னைக்குன்னு முடிவு பண்ணிட்டேன்கா." ஊசியைக் கீழே வைத்தான். "நீ கேக்கவே மாட்டியோன்னு பயந்துட்டிருந்தேன்."

ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க, டாக்டர் இருக்காரு" என்றாள் நர்ஸ். அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடையிலிருந்து வந்த சாவிக்காரர் வண்டி பிடிக்க ஓடினார்.

"உன்கிட்ட சொல்லிட்டேன்னு மேனேஜர் கத்துறான்கா. பயமா இருக்கு."

"எனக்கும்தான்டா பயமா இருக்கு. கத்தட்டும். நான் கையை விட மாட்டேன்."

வண்டியில் ஏறும்போது தம்பி சாவிக்காரரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு அக்காவின் காதோரம், வெட்கத்தோடு கேட்டான்.

"குடுத்த ரேடியோவைத் திரும்பக் கேட்டா தப்பா நினைப்பாராக்கா?"

அதுவரை அழாதவள் ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே தெருவெல்லாம் கேட்கும்படி கத்தினாள்.

"அண்ணே, அந்த ரேடியோவைக் கொண்டாங்க! என் தம்பிக்கு வேணுமாம்!"