வாசற்படியில் ஒரு குட்பை

என் வீட்டுக்காரர் பெயர் பற்றிக். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். அதுதான் தொல்லை. அவர் வேலை பார்க்கும் துறைமுகக் கந்தோரில் ஒரு வெள்ளைக்காரத் துரை அவருடைய இங்கிலீஷை மெச்சிவிட்டாராம். அன்று தொடக்கம், காலையில் வேலைக்குப் புறப்படும்போது வாசற்படியில் விறைப்பாக நின்று, "குட்பை, மேபல்!" என்பார்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டு ஆம்பிளையாவது "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் படி இறங்குவானா? செத்த வீட்டில்தான் அதைச் சொல்லாமல் எழும்பிப் போவது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறும்.

"இஞ்சாருங்கோ, ஒழுங்கா ஒருக்கால் போயிட்டு வாறன் எண்டு சொல்லிட்டுப் போங்கோ."

"எல்லாம் ஒண்டுதான், மேபல்."

"ஒண்டெண்டால் என்ரையைச் சொல்லுங்கோவன்!"

சொல்லமாட்டார். பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் றலியாவிடம் முறையிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்கட ஆளு 'பெய்த்து வாறேன்'னு நல்லாத்தான் செல்லுவாரு. செல்லிட்டுப் போனா ரெண்டு நாளைக்கு வாறதே இல்ல!"

ஒரு ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து, சுவாமியாரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டு, போரில் வென்றவர் மாதிரி வந்தார் மனுசன்.

"குட்பை எண்டால் என்ன தெரியுமோ? 'கடவுள் உம்மோடு இருப்பாராக' எண்டு அந்தக் காலத்து வெள்ளைக்காரர் பிரியேக்கை சொன்ன வசனம். சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சு இப்பிடி ஆகிட்டுது. பூசையிலை சுவாமியார் லத்தீனிலை சொல்றாரே, கிட்டத்தட்ட அதேதான்!"

"அப்ப அதிலை இருந்த கடவுள் எங்கை?"

"காட் எண்டது வாயிலை மாறி குட் ஆகிட்டுது. குட் டே, குட் ஈவினிங் எண்டு பழகின வாய்தானே."

"ஐயோ, அவசரத்திலை கடவுளையே விழுங்கிப்போட்டாங்களோ!"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் விடவில்லை.

"சரி, கடவுள் உங்களோடை வருவார். நல்லது. நீங்கள் என்னட்டைத் திரும்பி வருவியளோ? அதுக்கு அந்தச் சொல்லிலை என்ன இருக்கு?"

மறுநாளும் குட்பைதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதரை என்ன செய்ய?

நாற்பத்திரண்டாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். துறைமுகம்தான் அவன் குறி. ஊரே மூட்டை கட்டியது. என்னை யாழ்ப்பாணத்து இளவாலைக்கு, அக்கா வீட்டுக்கு அனுப்புவதென்று பற்றிக் முடிவெடுத்துவிட்டார். அவர் வரமுடியாது. துறைமுகத்து ஆட்கள் அசையக்கூடாதென்று கட்டளையாம். நான் அழுதும் பார்த்தேன், சண்டை பிடித்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கோட்டை ஸ்டேசனில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். என்னை யாழ்ப்பாணக் கோச்சியில் ஜன்னலோரம் இருத்திவிட்டு, கீழே நின்று, தண்ணீர் இருக்கிறதா, சாப்பிடப் பாண் இருக்கிறதா என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். விசில் ஊதிற்று. விடைபெற வாயெடுத்தேன். சொல் வெளியே வருமுன் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

கோச்சி நகர்ந்தது. அவர் "குட்..." என்று தொடங்கினார். அந்தச் சொல்லைப் பாதியிலேயே விட்டார். பிறகு என் ஜன்னலோடு சேர்ந்து ஓடிவந்து கத்தினார்.

"மேபல், போயிட்டு வாறன்!"

பெட்டி முழுக்கக் கொல்லென்று சிரித்தது. "கோச்சியிலை இருக்கிறது பெண்சாதி, போயிட்டு வாறன் எண்டு சொல்லுறது புருசன்!" என்றாள் எதிரே இருந்தவள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நாளைக் காலை குண்டு விழுகிற இடத்துக்குப் போகப்போகிறவர் அவர்தானே.

ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, ஸ்டேசன் முழுக்கக் கேட்க நானும் கத்தினேன்.

"வாங்கோ! கட்டாயம் வாங்கோ!"