பாய் கடையில் திரியும் பால்

வள்ளிநாயகி ஊற்றும் பால் திரிந்துபோனதாக எந்தக் கடையிலும் பேச்சு வந்ததில்லை. கே.ஜி.கண்டிகையில் எருமைகள் வைத்திருந்தாள். கறந்த பாலைக் கேனில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் திருத்தணிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளுக்கு ஊற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள். அதனால், எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் டீக்கடை கஜபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது முதலில் கோபம்தான் வந்தது. கஜபதி அவள் அக்கா புருஷன்.

"உன் பாலு பாய் கடையில தெனம் திரிஞ்சு போவுது வள்ளி. பின்னாடி சாக்கடையில தண்ணி தண்ணியா ஊத்திகினு இருந்தாங்க. என் கண்ணால பாத்தேன்."

"உன் கடையில திரிஞ்சுதா பாவா? ஓட்டல்ல திரிஞ்சுதா?"

"அதான் நானும் கேக்கறேன். அங்க மட்டும் ஏன் திரியுது?"

பாய் என்றது ஜமீல் அகமதை. பஹ்ரைனில் ஒரு பெரிய ஓட்டலில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மனைவி ரோஷன் பீயோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரொட்டிக் கடை வைத்திருந்தார். பன், பொறை, வர்க்கி. டீ கிடையாது.

வள்ளிநாயகிக்கு யோசிக்க யோசிக்க உறுத்தியது. பால் திரிந்தால் மறுநாளே மனிதர்கள் சண்டைக்கு வருவார்கள். பாய் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுமட்டுமா, போன வாரம்தான் இன்னும் இரண்டு லிட்டர் சேர்த்து ஊற்றச் சொன்னார். எருமைப் பாலே வேண்டும், காய்ச்சக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கக் கூடாது என்றார். டீ விற்காத கடைக்கு இத்தனை பால் எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"ரெண்டுல ஒண்ணு," என்றார் கஜபதி. "பக்கத்துல டீக்கடை போடப் போறான். உன் பாலு கெட்ட பாலுன்னு பேர் கட்டிட்டு என் யாவாரத்த கவுக்கப் போறான். இல்லன்னா சாராயம்."

மதுவிலக்குக் காலம் அது. பாய் கடைக்குள் ஏதோ புளித்த வாசனை அடிப்பதை அவளும் கவனித்திருந்தாள்.

அன்று அவள் பஸ் ஏறவில்லை. காலிக் கேனை கஜபதி கடையில் வைத்துவிட்டு, பாய் கடையின் பின்பக்கச் சந்துக்குள் போய் ஜன்னலோரம் நின்றாள். உள்ளே ஜமீல் அகமது அவளுடைய பாலை அகலமான குண்டானில் லேசாகச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பாட்டிலை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதில் இருந்ததைப் பாலில் ஊற்றினார். அவள் கண்ணெதிரே நல்ல பால் கட்டி கட்டியாகத் திரிந்தது. ரோஷன் பீ அந்தக் கட்டியை அள்ளிக் கொதிக்கும் தண்ணீரில் முக்கி, கை சுடச் சுடப் பிசைந்து, கயிறு மாதிரி நீளமாக இழுத்தாள்.

"யோவ் பாய்!" வள்ளிநாயகி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "என் பால்ல என்னய்யா ஊத்தற?"

ரோஷன் பீ கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டாள். ஜமீல் அகமது பாட்டிலை நீட்டினார். "வினிகர்ம்மா. காடி. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தாள். புளிப்புதான், சாராயமில்லை. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"நல்ல பால வேணும்னு திரிய வெக்கறவன் எவன்?"

"இது சீஸ்மா. பீட்சான்னு ஒரு ரொட்டி இருக்குது, அதுக்கு மேல போடறது. ஓட்டல்ல இத்தாலிக்காரர் ஒருத்தர் கத்துக்குடுத்தார். அவங்க ஊர்லயும் எருமப் பாலுதான் ஒசத்தியாம். தண்ணி கலந்த பாலா இருந்தா இப்பிடி இழுபடாது. இன்னும் கை சரியா வரல, அதான் யார்கிட்டயும் சொல்லல."

தன் பாலைப் புகழ்கிறான் என்று ஒரு நிமிஷம் குளிர்ந்தாள். அடுத்த நிமிஷமே, இது ஐஸ் வைக்கிற பேச்சு என்று தோன்றியது.

"மேல வேற என்னென்ன போடுவ? முட்டையா? கறியா? மலைக்கு வர்றவங்க நடமாடற ஊரு இது."

"எது புடிக்குதோ அது. அவங்கவங்க இஷ்டம்."

"நீ போட்டுக் குடுத்தா எவன் நம்புவான்?"

ஜமீல் அகமதுக்கும் சலித்துவிட்டது. "அப்ப நீங்களே கொண்டாங்க. மாவும் சீஸும் தக்காளியும் என்னுது. மேல போடறது உங்க வீட்டுது. ஞாயித்துக்கெழம வாங்க, உங்க கண்ணு முன்னாடி சுடறேன்."

இதை அவள் கஜபதி கடையில் சொல்ல, டீ குடிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

ஞாயிறு மத்தியானம் கஜபதி வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிக்கொண்டு வந்தார். அம்மையார்குப்பத்திலிருந்து சேலை கொண்டுவந்திருந்த நெசவாளி பரந்தாமன், நகரியில் மாமியார் வீட்டில் அரைத்த புளிச்சக்கீரைத் துவையலை ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்து வந்தார். கோமளவல்லி டீச்சர் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர். மிளகுப்பொடி, கறிவேப்பிலை, கூடவே சொந்தத் தட்டு. லாரி மெக்கானிக் ஃபக்ருதீன் தூக்குச்சட்டியில் கொத்துக்கறி கொண்டுவந்தான். மூடியைத் திறந்ததும் டீச்சர் ஓரடி பின்னால் போனார்.

"இதே அடுப்பிலயா?"

"உங்களுது மொதல்ல. அவன்து கடைசில, தனித் தட்டுல," என்றார் ஜமீல் அகமது.

"நம்ம ஆளே என்னைக் கடைசில நிக்க வெக்கறான்," என்று ஃபக்ருதீன் முணுமுணுத்தான். ஆனால் போகவில்லை.

தட்டுகள் அடுப்புக்குள் போயின. ஒருவரும் நகரவில்லை. தன்னுடையது மாறிவிடக் கூடாதென்று கஜபதி நடுவில் ஒரு முழு மிளகாயை நட்டுவைத்திருந்தார். பரந்தாமன் எட்டி எட்டிப் பார்த்தார். தக்காளி வதங்கும் வாசனையும், வெண்ணெய் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனையும் கடை முழுக்கப் பரவின. யாரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.

வெளியே எடுத்ததும் வேறு பிரச்சினை வந்தது. முதலில் சாப்பிட ஆளில்லை.

ஜமீல் அகமது, மேலே ஒன்றும் போடாமல் சீஸ் மட்டும் வைத்துச் சுட்டதிலிருந்து ஒரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டுக் காட்டினார்.

"அது உன் தட்டு. என் தட்டுல என்ன இருக்குதோ!" என்றார் கஜபதி.

"நீதான பாவா போட்ட?" என்று வள்ளிநாயகி அவரை முறைத்தாள். "தள்ளு. பாலு என்னுது. நானே துன்றேன்."

பாய் பிய்த்த அதே ரொட்டியின் மறுபக்கத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கடித்தாள். கையை இழுத்தாள், சீஸ் அறுபடாமல் வாய்க்கும் கைக்கும் நடுவே நூலாக நீண்டது. இன்னும் இழுத்தாள். இன்னும் நீண்டது. பல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டதென்று அவள் கண்ணில் பயம் தெரிந்தது. ரோஷன் பீ விரலால் அறுத்துவிட்டாள். வள்ளிநாயகி மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள்.

"என்ன ஆச்சு? வாயத் தொறந்து சொல்லு! ஏதாச்சும் மருந்து வெச்சிட்டானா?" கஜபதி பதறினார்.

அவள் இரண்டாவது துண்டை எடுத்தாள்.

அதற்குப் பிறகு யாரும் காத்திருக்கவில்லை. கஜபதி மிளகாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன்னுடையதைத் தின்றார். வெங்காயம் கருகின ஓரந்தான் ருசி என்றார். புளிச்சக்கீரைக்கு எதுவும் ஈடில்லை என்றார் பரந்தாமன். கிண்ணத்தில் பூண்டு இருக்கிறதா என்று டீச்சர் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பரந்தாமன் இல்லையென்று சொல்லச் சொல்ல, டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். கடைசியில் வாங்கவில்லை, தன் மிளகு ரொட்டியை மட்டும் ஒரு துணுக்கும் விடாமல் சாப்பிட்டார். ஃபக்ருதீனின் கொத்துக்கறி ரொட்டி வெளியே வந்தபோது அவன் யாருக்கும் கொடுக்காமல் தின்னப் போனான். பரந்தாமன் வெட்கப்படாமல் கை நீட்டினார். கொடுத்தான்.

"டீக்கடை போடப் போறியா?" கஜபதி வாயைத் துடைத்துக்கொண்டு நேராகவே கேட்டார்.

"எனக்கு டீ போட வராதுங்க. உங்க கடையிலருந்துதான் இவங்களுக்கு வாங்கியாரணும்," என்றார் ஜமீல் அகமது.

கஜபதி கண்ணைச் சுருக்கினார். இதில் என்ன உள்குத்து இருக்குமோ என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு எல்லோருக்கும் டீ கொண்டுவரப் போனார்.

கூட்டம் கலைந்ததும் ரோஷன் பீ தட்டுகளை அடுக்கியபடி மெதுவாகக் கேட்டாள். "நெசமா சொல்லுங்கக்கா. எப்பிடி இருந்துச்சு?"

வள்ளிநாயகி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சீஸ்ல உப்பு பத்தல. தக்காளி இன்னும் சுண்டணும், ரொட்டி நடுவுல நனைஞ்சு போவுது. மத்தபடி ஒண்ணும் கொறையில்ல."

அடுப்பருகே நின்ற ஜமீல் அகமது அதைக் கேட்டார். அடுத்த ஞாயிறு உப்பைக் கூட்டினார்.