படாக் மரத்து டெலிவிஷன்

டமால் என்ற சத்தத்தில் அந்தமானில் கராச்சர்மா ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையே அதிர்ந்தது. தமிழ்ச் சங்கக் காரியதரிசி பக்தவத்சலம் கையிலிருந்த சிவப்புப் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடினார்.

டெலிவிஷன் மேடையிலிருந்து குப்புற விழுந்து கிடந்தது.

"போச்சா?"

"இதுவா போகும்?" தச்சன் சிலுவைராஜ் அதைத் தூக்கி நிறுத்தித் தட்டிக் காட்டினான். "அசல் படாக் பலகை சார். கீழே தரை பெயர்ந்திருக்கான்னு பாருங்க."

பலகை ரத்தச் சிவப்பாகப் பளபளத்தது.

"விலை கூடின மரமாச்சே. எங்கேப்பா பிடிச்சே?"

"ஒரு அலமாரி வேலையில மிஞ்சினது சார்."

நாளைக்கு விழா. பக்தவத்சலத்துக்கு அதற்கு மேல் மரத்தைப் பற்றி விசாரிக்க நேரமில்லை.

1974 பொங்கலில் போர்ட் பிளேர் முழுக்கத் தேடினாலும் டெலிவிஷனைக் கண்ணால் பார்த்தவன் அருள்நாதன் ஒருவனாகத்தான் இருப்பான். கப்பலில் சமையல்காரன். கப்பல் பழுது பார்க்க பம்பாய் போனபோது, ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்தப் பெட்டியைப் பார்த்தான். லண்டனில் வேலை பார்த்துவிட்டு வந்த இஞ்ஜினியர் ஒருவர் மிச்சத்தைச் சொன்னார். அங்கே வாராவாரம் நாலு பேர் பெட்டிக்குள் வந்து மந்திரி, நீதிபதி, பாதிரியார் ஒருவரையும் விடாமல் நக்கல் பண்ணுவார்களாம். நக்கலுக்கு ஆளானவர்களும் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்களாம்.

அருள்நாதன் ஊர் திரும்பியதும் சிலுவைராஜைப் பிடித்தான். போன பொங்கலுக்கு அட்டைப்பெட்டியில் முதல் டெலிவிஷன் தயாரானது. நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை. அதற்குள் தலையும் கையும் தெரிய, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு துண்டு நாடகம். வரும் வரும் என்று வராத கப்பல் ஒன்று. மேஜையை விட்டு நகரத் தெரியாத ஃபைல் ஒன்று. ஜனங்கள் சிரித்துப் புரண்டார்கள். அடுத்த கப்பலில் அப்போதைய காரியதரிசி கிருஷ்ணமூர்த்தி தொலைவிலுள்ள கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றலாகிப் போனார். மாதம் ஒரு கடிதம் போடுகிறார். எல்லாக் கடிதத்திலும் அங்கே தேங்காய் நன்றாக இருப்பதாக மட்டுமே எழுதுகிறார்.

புதுக் காரியதரிசி பக்தவத்சலத்துக்கு அந்தத் தேங்காய் வேண்டாம். அவருக்குக் கல்யாணம் ஆக வேண்டும்.

வயது முப்பத்தொன்று. பெண் கும்பகோணத்தில். ஒரு முகூர்த்தம் ஏற்கெனவே லீவு கிடைக்காமல் தவறிவிட்டது. இந்தத் தீவுகளில் லீவுக்கு எல்லாரும் இந்தியில் சுட்டி என்றுதான் சொல்வார்கள். ஏழு வருஷப் பழக்கத்தில் அவரும் 'சுட்டி கிடைக்காததால் வர இயலவில்லை' என்று மாமனாராகப் போகிறவருக்கு எழுதிவிட்டார். பதில் வந்தது: 'காணாமல் போன சுட்டி யாருடைய குழந்தை என்று உடனே தெரிவிக்கவும். தை இருபத்தெட்டிலும் தாங்கள் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம்.'

தை இருபத்தெட்டுக்குள் மெயின்லேண்ட் போய்ச் சேர வேண்டுமானால் வியாழக்கிழமைக் கப்பலை விட்டால் வேறு கதியில்லை. லீவுக்கும் கப்பல் சீட்டுக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர் வேலை பார்க்கும் சர்க்கார் ஆபீஸின் பெரிய அதிகாரி தனேஜா. மனு அவர் மேஜையில் மூன்று வாரமாக ஊறிக்கொண்டிருந்தது. அவரை இளக்கத்தான் பக்தவத்சலம் விழாவுக்குத் தலைமை தாங்க அழைத்திருந்தார். இளக வேண்டியவரை டெலிவிஷன் சீண்டிவிடக் கூடாதே என்றுதான் சிவப்புப் பென்சில்.

"ஃபைல் நாடகம் வேண்டாம்" என்று பக்தவத்சலம் நாடகத் தாளில் அடித்தார். "கப்பல் வேண்டாம். மழையில கரைஞ்ச பாலம் வேண்டவே வேண்டாம்."

"அப்பம் என்னத்தக் காட்ட?" என்றான் அருள்நாதன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். "பெட்டியத் தொறந்து சும்மா மூடவா?"

"ரேஷன் கடை நாடகம் இருக்கே. அதைக் கொஞ்சம் மாத்திக்கலாம். ரேஷன்னா சர்க்கார் மேல போகும். அதை ஹோட்டலாக்கிடுங்க. பசிச்சவன் உட்கார்ந்திருக்கான். ரசம் வருது, மோர் வருது, அப்பளம் வருது, சோறு மட்டும் வரலை."

"ரேஷன் எங்கேன்னு கேக்குத இடத்துல?"

"சோறு எங்கேன்னு கேளுங்க. சோறு யாரையும் திட்டாது."

அருள்நாதன் மனைவி கிளாரா ரசத்துக்குச் சட்டி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பஜாரில் எல்லா மொழிக்காரர்களுக்கும் மீன் விற்பவள். "எதுக்கும் அந்த வார்த்தைய இன்னொருக்க சொல்லிப் பாத்துக்கிடுங்க சார்" என்றாள். பக்தவத்சலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கொட்டகை நிறைந்தது. முன்னால் தமிழர்கள். பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்த வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள். முதல் வரிசை நடுவில் கழுத்தில் சாமந்தி மாலையோடு தனேஜா. பக்கத்தில், மணமேடையில் உட்காரப் பழகுகிறவர் மாதிரி, பக்தவத்சலம்.

திரை விலகியது. படாக் டெலிவிஷனுக்குள் அருள்நாதன் தலை. கீழிருந்து கிளாராவின் கை ரசத்தை நீட்டியது. குடித்தான். மோரை நீட்டியது. குடித்தான். அப்பளம் வந்தது. கடித்துவிட்டுப் பெட்டிக்கு வெளியே கையை நீட்டினான். வெளியே நேர் எதிரே இருந்தது முதல் வரிசையின் நடு நாற்காலி.

"ச்சோறு எங்கே?" என்றான். அவன் ஊரில் சோற்றின் முதலெழுத்தை அழுத்தித்தான் சொல்வார்கள். "ச்சோறு! ச்சோறு!"

பின்வரிசை வெடித்தது. வங்காளிகள் பெஞ்சில் ஏறி நின்று சிரித்தார்கள். நம் சோற்றுக்கு இவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று தமிழர்களுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது, கை தட்டினார்கள். அருள்நாதனுக்கு உற்சாகம் பொங்கியது. கையை இன்னும் ஒரு முழம் நீட்டினான்.

என்ன சொல்கிறான் என்று தனேஜா குனிந்து கேட்டார். "க்யா போல்தா ஹை?"

பக்தவத்சலம் பூரித்துப்போய் தன் இந்தியில் விளக்கினார். "சோறு, சாப். ஹம் லோக் கா சோறு. ரோஜ் காதா ஹை."

தனேஜாவின் முகம் டெலிவிஷன் நிறத்துக்கு வந்தது. எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். வெளியே போகும் வழியில் மேடையருகே நின்று, டெலிவிஷன் பலகையை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். பொங்கலைத் தொடாமலே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"ஏன் போறார்? காரம் ஜாஸ்தின்னு யாராவது சொல்லிட்டாங்களா?" என்றார் பக்தவத்சலம்.

கிளாரா மேடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் மோர். "சார், இந்தியில திருடனுக்கு என்ன சொல்லுவாவ?"

"சோர்" என்றார். சொன்ன வாய் அப்படியே நின்றது.

அவருக்குச் சோர் தெரியும். சோறும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏழு வருஷத்தில் அவசியம் வந்ததில்லை.

"அவரு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீய?"

பக்தவத்சலம் ஈனஸ்வரத்தில் திருப்பிச் சொன்னார்.

கிளாரா தலையில் கை வைத்தாள். "எங்களோட திருடன், தினமும் திங்குதான்னு சொல்லிருக்கீய. ஆபீசர் திங்குதான்னா அது லஞ்சம் சார். இவுக கை நீட்டத்தான் செஞ்சாக. நீங்க அதுக்கு அர்த்தமும் சொல்லிட்டீய."

பக்தவத்சலம் தனேஜாவின் நாற்காலியிலேயே மாலை மேல் உட்கார்ந்துவிட்டார். கும்பகோணத்தில் வேறு மாப்பிள்ளை குதிரையில் வருவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"கார் நிக்கோபார்ல தேங்கா நல்லா இருக்குமாமே" என்றான் அருள்நாதன், பெட்டிக்குள்ளிருந்து.

"நீங்க வெளியே வந்து பேசுங்க."

"இங்ஙனக்குள்ளதான் சார் பத்திரம்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பு வந்தது. பக்தவத்சலம் அகராதியோடு போனார். சோறு என்ற பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தார். தனேஜா பியூனை வெளியே அனுப்பினார். எழுந்து போய்க் கதவைத் தானே சாத்தினார்.

"சாப், எங்க பாஷையில சோறுன்னா..." என்று பக்தவத்சலம் இந்தியில் ஆரம்பித்தார்.

"பாஷை இருக்கட்டும். உட்காருங்க."

ஏழு வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டார்.

"எத்தனை நாள் லீவு கேட்டீங்க?"

"பதினைந்து நாள், சாப்."

"கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் எப்படிப் போதும்? முப்பது எடுத்துக்கோங்க." தனேஜா எழுதினார். மூன்று வாரம் ஊறிய மனுவில் கையெழுத்து மூன்று விநாடியில் விழுந்தது. கப்பல் சீட்டிலும் விழுந்தது. அதுவும் கேபின் சீட்டு.

பக்தவத்சலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அகராதியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். காகிதங்களை வாங்கக் கையை நீட்டினார். தனேஜா அவற்றின் மறுமுனையை விடவில்லை.

"பக்தவத்சலம்," என்றார் தாழ்ந்த குரலில், "என் வீட்டு அலமாரிக்கு வந்தது சர்க்கார் மரம்னு அந்த டெலிவிஷன்காரனுக்கு யார் சொன்னது?"